விண்வெளி டெலஸ்கோப் டேட்டாவை வீட்டுல இருந்தே ஆராயறது எப்படி: நட்சத்திரம், கருந்துளை, கேலக்ஸி மூணுக்கும் முழு வழிகாட்டி

ஹப்பிள், ஜேம்ஸ் வெப், சந்திரா, கையா, நம்ம ஆஸ்ட்ரோசாட், இதெல்லாம் எடுத்த டேட்டால பெரும்பகுதியை இன்னிக்கு யாரு வேணாலும் பைசா செலவில்லாம டவுன்லோட் பண்ணிக்கலாம். இது நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. படத்தை மட்டும் பாத்துட்டு, ஆஹா அழகா இருக்குன்னு ஷேர் பண்ணிட்டு போயிடறாங்க. அந்தப் படத்துக்குப் பின்னாடி இருக்கற எண்கள் அத்தனையும் நமக்கும் திறந்துதான் கிடக்கு, பிளஸ் டூ கணக்கு தெரிஞ்ச ஒருத்தர் பொறுமையா உக்காந்தா ஒரு கருந்துளையோட நிறையை அவரே கணக்கு போட்டுடலாம். இந்தப் பதிவுல அதைத்தான் செய்யப் போறோம்.

மூணு வேலை இருக்கு. ஒரு நட்சத்திரக் கூட்டம் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கண்டுபிடிக்கறது, ஒரு கருந்துளையை எடை போடறது, ஒரு கேலக்ஸியோட சிவப்பு விலகலை (பிரபஞ்சம் விரியறதால அதோட வெளிச்சம் எவ்வளவு நீண்டிருக்குங்கறதை) அளக்கறது. தொடங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் சொல்லிடறேன், ஏன்னா கீழ வர்ற எல்லாத்துக்கும் அதுதான் அடிப்படை: டேபிள்ல ஒரு எண்ணைப் பாத்தா அதுக்குப் பக்கத்து நெடுவரிசைல அதோட பிழை, அதாவது உண்மை மதிப்பு எவ்வளவு முன்ன பின்ன இருக்கலாம்னு, போட்டிருப்பாங்க, அதையும் சேத்துப் படிங்க. பிழை தெரியாத எண்ணை வச்சு வானியல்ல ஒண்ணுமே சொல்ல முடியாது.

முதல் படி: எந்த வெளிச்சத்துல பாக்கணும்னு முடிவு பண்ணுங்க

டெலஸ்கோப்பை எதுக்கு அவ்வளவு செலவு பண்ணி மேல அனுப்பறாங்கன்னா, நம்ம காத்து மண்டலம் எக்ஸ்ரேயை முழுசாவும், புறஊதாவுல பெரும்பகுதியையும், அகச்சிவப்புல நிறைய பட்டைகளையும் கீழ விடாம தடுத்துடுது. விடற வெளிச்சத்தையும் கலைச்சு விட்டுடுது, நட்சத்திரம் மினுக்குறதே அதனாலதான். அதனால உங்க கேள்விக்கு எந்த அலைநீளம் தேவைன்னு முதல்ல யோசிங்க.

கருந்துளைக்குள்ள விழற வாயு கோடிக்கணக்கான டிகிரி சூடாகி எக்ஸ்ரே விடும், அதுக்கு 1999 ஜூலை 23 அன்னிக்குக் கிளம்பின சந்திரா இருக்கு (சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சுப்ரமணியன் சந்திரசேகர் பேர்தான் அது). ரொம்ப தூரத்து கேலக்ஸியோட வெளிச்சம் பிரபஞ்சம் விரியறதால நீண்டு அகச்சிவப்புக்குப் போயிடும், அதுக்கு 6.5 மீட்டர் கண்ணாடியோட ஜேம்ஸ் வெப், 0.6 மைக்ரான்ல இருந்து 28 மைக்ரான் சொச்சம் வரைக்கும் பாக்கும். கண்ணுக்குத் தெரியற வெளிச்சம், புறஊதா ரெண்டுக்கும் 1990ல போன 2.4 மீட்டர் ஹப்பிள் இன்னும் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு. 2015 செப்டம்பர் 28ல ஸ்ரீஹரிகோட்டால இருந்து போன ஆஸ்ட்ரோசாட் புறஊதாவையும் எக்ஸ்ரேயையும் ஒரே நேரத்துல பாக்கற மாதிரி கட்டினது, அதுதான் அதோட பெரிய பலம். நட்சத்திரம் எங்க இருக்கு, எவ்வளவு தூரம், எப்படி நகருதுன்னு கேட்டா ஒரே பதில் கையா. 2013 டிசம்பர் 19ல கிளம்பி 2025 ஜனவரி வரைக்கும் வானத்தை அளந்துச்சு, 2022ல வந்த மூணாவது வெளியீட்டுல மட்டும் சுமார் 180 கோடி பொருட்கள்.

புதுசா வர்றவங்க கையா டேட்டால இருந்து ஆரம்பிக்கறதுதான் நல்லதுங்கறது என் கருத்து. எல்லாரும் நேரா வெப் படத்துக்குப் போறாங்க, ஆனா கையா ஒரு டேபிள், எண்கள் மட்டும்தான், அளவுன்னா என்ன பிழைன்னா என்னங்கறது அங்கதான் மனசுல பதியும்.

ரெண்டாவது படி: டேட்டா எங்க கிடைக்கும், என்ன சாஃப்ட்வேர் வேணும்

ஹப்பிள், வெப், கிரகம் தேடற டெஸ் மூணும் பால்டிமோர்ல இருக்கற மாஸ்ட் ஆர்க்கைவ்ல கிடைக்கும். கையாவுக்கு ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட கையா ஆர்க்கைவ். சந்திராவுக்கு தனி ஆர்க்கைவ் இருக்கு, பொதுவா எக்ஸ்ரே எதுவா இருந்தாலும் நாசாவோட ஹீசார்க்ல தேடிப் பாக்கலாம். ஆஸ்ட்ரோசாட்டுக்கு பெங்களூர் பக்கத்துல பியாலாலுல இருக்கற இஸ்ரோ டேட்டா சென்டரோட தளம். புதுசா எடுத்த டேட்டா சிலது உடனே திறக்காது, நேரம் கேட்டு வாங்கின குழுவுக்கு மட்டும்னு கொஞ்ச காலம் வச்சிருப்பாங்க, வெப்ல அது பொதுவா 12 மாசம், ஆனா முதல் நாளே எல்லாருக்கும் திறந்துவிடற ப்ராஜெக்டும் நிறைய இருக்கு.

கம்ப்யூட்டர் பெருசா வேண்டாம். நல்ல லேப்டாப் இல்லாதவங்க கூகுள் கோலாப்ல பைத்தான் ஓட்டலாம், அதுல ஆஸ்ட்ரோபை, ஆஸ்ட்ரோகுவேரின்னு வானியலுக்கான ரெண்டு பைத்தான் தொகுப்பையும் போட்டுக்கோங்க. புரோகிராம் எழுத இஷ்டம் இல்லாதவங்களுக்கு டாப்காட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, லட்சக்கணக்கான வரிசை உள்ள டேபிளையும் சுலபமா திறந்து கிராஃப் போட்டுக் கொடுக்கும். படம் பாக்க டிஎஸ்9. வானியல் ஃபைல் எல்லாம் ஃபிட்ஸ்ங்கற வடிவத்துல வரும், அதுல படத்தோட கூடவே ஹெடர்னு ஒரு பகுதி இருக்கும், எந்த ஃபில்டர், எத்தனை வினாடி, என்ன யூனிட்னு எல்லாம் அதுலதான் இருக்கும். ஹெடரைப் படிக்காம படத்தைத் தொடாதீங்க.

மூணாவது படி: கார்த்திகை எவ்வளவு தூரம்?

ரிஷப ராசில தெரியற அறுமீன் கூட்டம், கார்த்திகை, எல்லாரும் பாத்திருப்போம். அதோட தூரத்தை நீங்களே அளக்கலாம். பூமி சூரியனை சுத்தி வர்றதால பக்கத்து நட்சத்திரம் வருஷத்துல கொஞ்சூண்டு ஆடற மாதிரி தெரியும், அந்த ஆட்டம்தான் பாரலாக்ஸ். மில்லி ஆர்க்செகண்ட்ல (ஒரு டிகிரில 3600ல ஒரு பங்கு ஆர்க்செகண்ட், அதுல ஆயிரத்துல ஒரு பங்கு) இருக்கற பாரலாக்ஸால 1000ஐ வகுத்தா தூரம் பார்செக்ல வரும், ஒரு பார்செக்னா 3.26 ஒளியாண்டு.

வானத்துல ஒரு இடத்தைக் குறிக்க, பூமியோட தீர்க்கரேகை அட்சரேகை மாதிரி, வலது ஏற்றம், நடுவரை விலக்கம்னு ரெண்டு எண் உண்டு. கையா ஆர்க்கைவ்ல வலது ஏற்றம் 56.75 டிகிரி, நடுவரை விலக்கம் +24.12 டிகிரி, ஆரம் 2 டிகிரின்னு கொடுத்து மூணாவது வெளியீட்டுல தேடுங்க. பைத்தான்ல சாதாரணமா கேட்டா 2000 வரிசையோட நிறுத்திடும், அதனால ஏசிங்க் முறையில கேளுங்க. பல்லாயிரம் நட்சத்திரம் வந்து விழும். அதுல முக்கால்வாசிக்கு மேல கார்த்திகைக்கு சம்பந்தமே இல்லாதது, சும்மா அதே திசையில முன்னாடியோ பின்னாடியோ இருக்கறது.

இப்ப வடிகட்டணும். ஒரே கூட்டத்துல பிறந்தது எல்லாம் ஒண்ணா நகரும், அதனால வலது ஏற்ற திசையில வருஷத்துக்கு 15ல இருந்து 25 மில்லி ஆர்க்செகண்ட், விலக்க திசையில மைனஸ் 50ல இருந்து மைனஸ் 40 வரைக்கும் நகர்ச்சி உள்ளதை மட்டும் வச்சுக்கோங்க. பாரலாக்ஸ் 6.9ல இருந்து 7.9க்குள்ள. அப்புறம் பாரலாக்ஸ் அதோட பிழையை விட குறைஞ்சது 10 மடங்காவது பெருசா இருக்கணும்னு ஒரு கண்டிஷன் போடுங்க. சில நூறு நட்சத்திரம் மிஞ்சும். அதோட சராசரி பாரலாக்ஸ் 7.4 பக்கம் வரும், அப்படின்னா தூரம் சுமார் 136 பார்செக், 440 ஒளியாண்டு சொச்சம்.

இந்த எண்ணுக்குப் பின்னாடி பெரிய சண்டையே நடந்திருக்கு. கையாவுக்கு முன்னாடி 1989ல போன ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் கார்த்திகைக்கு சுமார் 120 பார்செக்னு சொல்லிச்சு, பிழையும் ரொம்ப கம்மின்னு சொல்லிச்சு. ஆனா நட்சத்திரங்களோட நிறத்தையும் பிரகாசத்தையும் வச்சுக் கணக்கு போட்டவங்களுக்கு 130க்கு மேலதான் வந்துச்சு. ஹிப்பார்கோஸ் சரின்னா நட்சத்திரம் எப்படி எரியுதுங்கற நம்ம புரிதலையே மாத்தணும், அவ்வளவு பெரிய விஷயம். 2014ல ரேடியோ டெலஸ்கோப்புகளை சேத்து அளந்தப்ப 136.2 வந்துச்சு, அப்புறம் கையாவும் அதையே சொல்லிடுச்சு. ஹிப்பார்கோஸ் போட்ட பிழைல, அந்த திசையில இருக்கற எல்லா நட்சத்திரத்தையும் சேத்து ஒரே பக்கம் இழுத்த ஏதோ ஒண்ணு கணக்குல வராம போயிருக்கு. சராசரி எடுத்தா தனித்தனி பிழை குறையும், எல்லாத்துக்கும் பொதுவா இருக்கற பிழை குறையவே குறையாது. கையாவுக்கும் அது உண்டு. ரொம்ப தூரத்து குவாசர்களோட (ரொம்பப் பிரகாசமான கேலக்ஸி மையங்களோட) பாரலாக்ஸ் பூஜ்யம்தான் வரணும், ஆனா கையா டேட்டால அது சராசரியா மைனஸ் 0.017 மில்லி ஆர்க்செகண்ட் வருது. 7.4க்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல, ஆனா 0.2 பாரலாக்ஸ் உள்ள நட்சத்திரத்துக்கு கிட்டத்தட்ட பத்து சதவீதம் தப்பு.

அடுத்து கிராஃப். கையாவோட நீல, சிவப்பு அளவோட வித்தியாசத்தை படுக்கை அச்சுல போடுங்க, அது நிறம். செங்குத்து அச்சுல உண்மையான பிரகாசம், அதுக்கு, கையாவுக்குத் தெரிஞ்ச பிரகாசமான ஜி அளவோட, மில்லி ஆர்க்செகண்ட்ல உள்ள பாரலாக்ஸோட லாக்கை 5ஆல பெருக்கி கூட்டி 10ஐக் கழிக்கணும். அச்சைத் தலைகீழா திருப்ப மறக்காதீங்க, வானியல்ல எண் சின்னதுன்னா பிரகாசம் அதிகம். மேல இடது பக்கத்துல சூடான நீல நட்சத்திரத்துல இருந்து கீழ வலது பக்கம் மங்கலான சிவப்பு வரைக்கும் ஒரு கோடு மாதிரி இறங்கும். நல்லா உத்துப் பாருங்க, அந்தக் கோட்டுக்கு மேல, 0.75 அளவு தள்ளி, மெல்லிசா இன்னொரு கோடு தெரியும். ஒரே மாதிரி ரெண்டு நட்சத்திரம் ஒட்டி இருந்து கையாவுக்கு ஒண்ணாத் தெரிஞ்சா பிரகாசம் ரெண்டு மடங்கு, அது சரியா 0.75 அளவு. ஜோடி நட்சத்திரங்களை, ரெண்டா பிரிச்சுப் பாக்காமலேயே நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க. எனக்கு இந்த ஒரு கிராஃப் மேல இருக்கற மரியாதை எந்த கலர் படத்து மேலயும் இல்ல.

நாலாவது படி: கருந்துளையை எடை போடுங்க

கருந்துளை வெளிச்சம் விடாது. பக்கத்துல ஒரு நட்சத்திரம் இருந்து அதோட வாயுவை இழுத்தாதான் எக்ஸ்ரேல தெரியும். சும்மா அமைதியா இருக்கற கருந்துளையை எப்படிப் பிடிக்கறது? கூட சுத்தற நட்சத்திரம் ஆடும், அந்த ஆட்டத்தை கையா பாக்கும். 2022 நவம்பர்ல கரீம் எல்-பத்ரி தலைமையிலான குழு அறிவிச்ச கையா பிஎச்1 அப்படித்தான் கிடைச்சுது. நமக்குத் தெரிஞ்ச கருந்துளைகள்ல மிக அருகில இருக்கறது, சுமார் 1560 ஒளியாண்டு, சர்ப்பதாரி மண்டலத்துல.

கையா மூணாவது வெளியீட்டுல தனி நட்சத்திரம் அல்லாததுக்குன்னு வேற டேபிள் இருக்கு, ரெண்டு உடல் சுற்றுப்பாதைங்கற டேபிள். அதுல சோர்ஸ் ஐடி 4373465352415301632ன்னு கொடுத்துத் தேடுங்க. பாரலாக்ஸ், சுத்தற காலம் ரெண்டும் நேரா இருக்கும். ஆட்டத்தோட அளவு நேரா இருக்காது, அதுக்குப் பதிலா தீல்-இன்னஸ் எண்கள்னு ஏ, பி, எஃப், ஜி நாலு இருக்கும். நாலையும் வர்க்கம் பண்ணி கூட்டி பாதியாக்குங்க, அது யூ. ஏயையும் ஜியையும் பெருக்கி அதுல இருந்து பி பெருக்கல் எஃபைக் கழிங்க, அது வி. யூ வர்க்கத்துல இருந்து வி வர்க்கத்தைக் கழிச்சு வர்க்கமூலம் எடுத்து, அதை யூவோட கூட்டி, மறுபடியும் வர்க்கமூலம் எடுத்தா ஆட்டத்தோட பாதி அகலம் மில்லி ஆர்க்செகண்ட்ல வந்துடும்.

கையா டேபிள்ல மட்டும் பாத்தா பிழை கொஞ்சம் பெருசா இருக்கும். தரையில இருந்து ஸ்பெக்ட்ரம் (வெளிச்சத்தை அலைநீளம் வாரியா பிரிச்சது) எடுத்து, நட்சத்திரம் நம்மை நோக்கி வர்ற வேகம் போற வேகம் ரெண்டையும் சேத்த பிறகு கிடைச்ச மதிப்புகளை வச்சு கணக்கு போடுவோம். ஆட்டம் சுமார் 2.67 மில்லி ஆர்க்செகண்ட், பாரலாக்ஸ் சுமார் 2.09, காலம் 185.6 நாள், நட்சத்திரத்தோட நிறை சூரியனைப் போல 0.93.

ஆட்டத்தை பாரலாக்ஸால வகுத்தா நேரா வானியல் அலகுல வந்துடும், 1.28. அதாவது அந்த நட்சத்திரம் சுத்தற வட்டத்தோட ஆரம், பூமி சூரியனை சுத்தற ஆரத்தை விட கொஞ்சம்தான் பெருசு. அதை அதாலேயே பெருக்கினா, அதாவது 1.28 × 1.28 × 1.28 போட்டா, 2.1. காலத்தை வருஷமாக்கினா 0.508, அதோட வர்க்கம் 0.258. முதல் எண்ணை ரெண்டாவதால வகுத்தா 8.1 பக்கம் வரும். கெப்ளரோட மூணாவது விதிப்படி, கருந்துளை நிறையோட கனத்தை (மூணாம் அடுக்கை), கருந்துளையும் நட்சத்திரமும் சேந்த மொத்த நிறையோட வர்க்கத்தால வகுத்தா இந்த எண்தான் வரணும். இப்ப நிறைக்கு ஒவ்வொரு எண்ணா போட்டுப் பாருங்க, 5 போட்டா 3.6 தான் வருது, பத்தாது. 9.7 போட்டா சரியா வந்து நிக்குது. வெளியான கட்டுரைல 9.62ன்னு இருக்கும், பிழை 0.18. நம்ம கணக்கு அந்தப் பிழைக்குள்ளயே உக்காந்துடுச்சு!

ஆனா அது கருந்துளைதான்னு எப்படிச் சொல்றது? சூரியனை விட பத்து மடங்கு நிறை உள்ள சாதாரண நட்சத்திரம்னா ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமா இருந்து கூட இருக்கறதை மூழ்கடிச்சிருக்கும், ஸ்பெக்ட்ரம்ல சூரியன் மாதிரி ஒண்ணு மட்டும்தான் தெரியுது. வெள்ளைக் குள்ளனா (எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தோட மிச்சமா) இருக்க சந்திரசேகர் எல்லையான 1.4 மடங்கைத் தாண்டக் கூடாது, நியூட்ரான் நட்சத்திரமும் இவ்வளவு நிறையைத் தாங்காது. இன்னொண்ணும் கவனிங்க, கையா டேபிள்ல கருந்துளை மாதிரித் தெரிஞ்ச நிறைய ஜோடிங்க பின்னாடி ஸ்பெக்ட்ரம் எடுத்துப் பாத்தப்ப சுற்றுப்பாதை கணக்கே தப்புன்னு தெரிஞ்சுது. அதனால டேபிள்ல பெரிய நிறை ஒண்ணு கண்ணுல பட்டா உடனே குதிக்காம, பொருத்தம் எவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்ற நெடுவரிசையையும் பிழையையும் பாருங்க. 2024ல வந்த கையா பிஎச்3 சூரியனைப் போல 33 மடங்கு, அதையும் கட்டுரைல இருக்கற எண்ணை எடுத்து இதே மாதிரி போட்டுப் பழகுங்க.

அஞ்சாவது படி: கேலக்ஸியோட சிவப்பு விலகல்

இப்பதான் வெப். மாஸ்ட்ல தேடினா ஒரே அப்சர்வேஷனுக்கு அன்கால், ரேட், கால், ஐ2டின்னு பல ஃபைல் வரும், கச்சாவுல இருந்து பக்குவமானது வரைக்கும். படத்துக்கு ஐ2டி, ஸ்பெக்ட்ரத்துக்கு எக்ஸ்1டி எடுங்க, மத்ததை இப்பத் தொட வேண்டாம். கோபன்ஹேகன்ல இருக்கற டான் மையத்தோட வெப் ஆர்க்கைவ்ல வெப்ல ஸ்பெக்ட்ரம் எடுக்கற நியர்ஸ்பெக் கருவியோட ஆயிரக்கணக்கான ஸ்பெக்ட்ரம் ஒரே மாதிரி பக்குவம் பண்ணி வச்சிருக்காங்க, ஆரம்பத்துக்கு அது ரொம்ப உதவி.

ஒரு ஸ்பெக்ட்ரம் திறந்ததும் பக்கத்துல பக்கத்துல ரெண்டு முனை (மேல எழும்பி நிக்கற இடம், இதையே கோடுன்னும் சொல்வாங்க) தேடுங்க, வலது பக்கம் உள்ளது இடதை விட சுமார் மூணு மடங்கு உயரமா இருக்கணும். அது ஆக்சிஜன் ஜோடி, நம்ம ஆய்வகத்துல 0.4959, 0.5007 மைக்ரான். பிரிசம்ல எடுத்த ஸ்பெக்ட்ரம்னா சில நேரம் ரெண்டும் ஒட்டிப்போயிருக்கும், அப்ப கிரேட்டிங்ல எடுத்தது இருக்கான்னு பாருங்க. உயரமான முனை 3.505 மைக்ரான்ல இருந்தா அதை 0.5007ஆல வகுங்க, 7 வரும், ஒண்ணைக் கழிச்சா சிவப்பு விலகல் 6. அது சரியான்னு பாக்க ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு 0.6563ஐ 7ஆல பெருக்குங்க, 4.59 மைக்ரான்ல ஒரு முனை இருக்கணும். இருந்தா முடிஞ்சுது. ஒரே ஒரு கோட்டை வச்சு மட்டும் சிவப்பு விலகல் சொல்லாதீங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 2022ல வெப் படங்கள் வந்த புதுசுல சீயர்ஸ்-93316னு ஒரு கேலக்ஸிக்கு, ஃபில்டர் படங்கள்ல இருந்த நிறத்தை மட்டும் வச்சு, சிவப்பு விலகல் 16க்கு மேலன்னு மதிப்பிட்டாங்க. உலகமே பரபரப்பாச்சு. அப்புறம் ஸ்பெக்ட்ரம் எடுத்தா 4.9 தான். ஆக்சிஜன் கோடு 2.96 மைக்ரான்லயும் ஹைட்ரஜன் கோடு 3.9 பக்கமும் விழுந்து, அந்தந்த ஃபில்டரை பிரகாசமாக்கி, ரொம்ப தூரத்து கேலக்ஸியோட நிறம் மாதிரியே காட்டியிருக்கு. மதிப்பிட்டவங்க மேல குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஸ்பெக்ட்ரம் எடுத்து உறுதி பண்ணனும்னு எல்லாரும் காத்திருந்தாங்க, அறிவியல் அப்படித்தான் நடக்கணும்.

இன்னும் தூரம் போனா இந்தக் கோடுகள் நியர்ஸ்பெக் எல்லையான 5.3 மைக்ரானைத் தாண்டிடும். அப்ப வெளிச்சம் திடீர்னு அறுந்து நிக்கற இடத்தைத் தேடணும், 0.1216 மைக்ரானுக்குக் கீழ உள்ள வெளிச்சத்தை நடுவுல இருக்கற ஹைட்ரஜன் விழுங்கிடும். ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 கேலக்ஸில அது 1.85 மைக்ரான் பக்கத்துல அறுந்துது. 2024ல அதை வச்சு 14.32ன்னாங்க, 2025ல ஆல்மா ரேடியோ டெலஸ்கோப் அதே கேலக்ஸியோட ஆக்சிஜன் கோட்டைப் பிடிச்சு 14.18ன்னு திருத்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் அறுபடற இடத்துல வெறும் 0.017 மைக்ரான். பெருவெடிப்பு நடந்து 30 கோடி வருஷம் கூட ஆகாத காலத்துல ஆக்சிஜன் இருந்திருக்குன்னா, அதுக்கு முன்னாடியே நட்சத்திரங்கள் பிறந்து செத்திருக்கணும். யோசிச்சா உடம்பு சிலிர்க்குது.

ஆறாவது படி: ரெண்டு டெலஸ்கோப்பை சேத்துப் பாருங்க

சந்திரா டேட்டா படமா வராது, ஒவ்வொரு எக்ஸ்ரே ஃபோட்டானும் எப்ப வந்துச்சு, எங்க விழுந்துச்சு, என்ன ஆற்றல்னு ஒரு பட்டியலா வரும். சியாவோங்கற இலவச சாஃப்ட்வேர்ல அதைப் பிரிக்கலாம். இங்க எண்ணிக்கை ரொம்ப கம்மியா இருக்கும், அதனால பின்னணில எத்தனை ஃபோட்டான் சும்மா விழுதுன்னு பக்கத்து இடத்துல எண்ணிக் கழிக்கறதுதான் மொத்த வேலையும். 2023ல அபெல் 2744 கேலக்ஸிக் கொத்துக்குப் பின்னாடி யூஎச்இசட்1 கேலக்ஸில, சிவப்பு விலகல் 10 பக்கத்துல, பெரிய கருந்துளை இருக்குன்னு அறிவிச்சாங்க. கேலக்ஸியைக் காட்டினது வெப், எக்ஸ்ரே சந்திராவோடது, ரெண்டு வாரத்துக்கு மேல பாத்தும் கிடைச்சது சுமார் இருபது ஃபோட்டான்தான். அந்த ஆய்வுல முக்கியமானவர் கோயம்புத்தூர்ல பிறந்த பிரியம்வதா நடராஜன், நட்சத்திரமா ஆகாமலேயே வாயு மேகம் நேரா சரிஞ்சு கருந்துளை ஆகலாம், அப்படிப்பட்டது கேலக்ஸியோட நட்சத்திரங்களுக்கு நிகரான நிறையோட இருக்கும்னு முன்னாடியே கணிச்சவர்.

அப்புறம் என்ன பண்றது

கணக்கு போட்டதை அப்படியே விட்டுடாம, எந்த வெளியீடு, என்ன வடிகட்டி, எந்த தேதில எடுத்ததுன்னு எல்லாம் நோட்டுல எழுதி வைங்க. புதுசா ஏதாவது கண்ணுல பட்டா பக்கத்து யுனிவர்சிட்டில வானியல் பாக்கற ஒருத்தருக்கு கிராஃபோட மெயில் போடுங்க, அளவும் பிழையும் சேந்து இருந்தா கண்டிப்பா படிப்பாங்க. சின்ன முடிவுகளை வெளியிட அமெரிக்க வானியல் சங்கத்தோட ரிசர்ச் நோட்ஸ் மாதிரி இடங்கள் இருக்கு. வெறுமனே பழகணும்னா, பொதுமக்களே கேலக்ஸி படங்களை வகை பிரிக்கற கேலக்ஸி ஜூங்கற இணையதளத்துல சேருங்க, 2007ல அதுலதான் ஹானி வான் ஆர்கல்ங்கற டச்சு பள்ளி ஆசிரியை, கேலக்ஸி பக்கத்துல பச்சையா மின்னற ஒரு வாயு மேகத்தைக் கண்டுபிடிச்சாங்க, ஹப்பிளே அதைத் திரும்பிப் பாத்துச்சு.

கையாவோட நாலாவது வெளியீடு 2026 டிசம்பர்ல வரும்னு திட்டம். மூணாவதுல 34 மாச டேட்டாதான் இருந்துச்சு, நாலாவதுல 66 மாசம், அதோட ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் தனித்தனி நாள்ல எடுத்த அளவுகளையும் கொடுக்கப் போறாங்க. அப்ப டேபிள்ல போட்டிருக்கற சுற்றுப்பாதையை நம்பிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல, நீங்களே பொருத்திப் பாக்கலாம். நாலாவது படியில போட்ட கணக்கை ஒரு புரோகிராமா எழுதி சேவ் பண்ணி வச்சுக்கோங்க, வெளியீடு வந்த அன்னிக்கே பிஎச்1க்கு ஓட்டிப் பாத்து பிழை எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாருங்க, அதுக்கப்புறம் இதுவரைக்கும் யாரும் பாக்காத ஜோடிகளுக்குப் போகலாம்.